எல்லாக் கப்பலும் கேம்பல் பே போகும்

டாலிகஞ்ச்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் நளினி எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நல்லதைப் பெரிதாக்கவும் மாட்டேன், கெட்டதைச் சின்னதாக்கவும் மாட்டேன். 'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்கினால்தான் கடிதத்துக்கு முழு மதிப்பெண் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்வார்கள். எனக்கு இந்த முறை மதிப்பெண் வேண்டாம்.

போன மாதம் போனில் நீங்கள், "உங்கப்பா எதைக் கேட்டாலும் சப் டீக் ஹைங்கறாரு. நீயாவது உள்ளதைச் சொல்லுடி" என்றீர்கள். அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்தில் நின்றார். தம்பி ஹரி என் முதுகில் ஏறியிருந்தான். நானும் "சப் டீக் ஹை", எல்லாம் சரியாக இருக்கிறது, என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அன்றைக்கே கடிதம் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவோடு மின்துறையில் வேலை செய்யும் சண்முகம் மாமா செவ்வாய்க்கிழமை கப்பலில் உங்கள் தீவுக்கு, கேம்பல் பேவுக்கு, வருகிறார். அங்கே ஜெனரேட்டர் வேலையாம். வியாழக்கிழமை இறங்கியதும் நேராக நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் கையிலேயே இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். "இந்தக் காலத்துல கடுதாசியா? நளினி, நீ எந்த வருஷத்துல இருக்கே?" என்று கேலி செய்தார். பள்ளியில் கடிதம் எழுதும் பயிற்சி என்று சொன்னேன். அது மட்டும் பொய்.

முதலில் சின்னச் செய்திகள். மழை தொடங்கியும் அணை நிறையவில்லையாம். குழாயில் இப்போதும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். நீலாவதி அத்தையால் இதை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. "வானத்துலேர்ந்து தண்ணி ஊத்துது, குழாய்லேர்ந்து காத்து வருது. என்னடி ஊரு இது?" என்கிறார். பரமக்குடியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் அத்தைக்கு இந்த ஊர் பழகவில்லை. அப்பாவின் கூடப் பிறந்த அக்காவா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. குழாயில் தண்ணீர் வரும் சத்தம் முதலில் ஹரிக்குத்தான் கேட்கும். "அக்கா, பானி ஆ கயா" என்று அவன் கத்தினால் எல்லோரும் குடத்தோடு ஓடுகிறோம். நம் பாப்பா அபியும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டி வைத்துக்கொண்டு வருகிற மீன்காரரிடம் அத்தை இந்தியில் பேசினார். "பையா, யே ஆஜ் மச்லியா, கல் மச்லியா?" என்று கேட்டார். இன்றைய மீனா, நேற்றைய மீனா என்று அர்த்தமாம். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "ஆத்தா, நான் தொண்டிக்காரன். தமிழ்லயே திட்டுங்க" என்றார். அத்தை அன்றைக்கு இரண்டு கிலோ வாங்கிவிட்டார்.

அப்பாவின் சப்பாத்தி இன்னும் வட்டமாகவில்லை. அத்தை வருவதற்கு முன் ஒருநாள் அபியின் தலைமுடியைக் கட்ட ரப்பர் பேண்ட் கிடைக்காமல், கம்பத்தில் கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் குடுமி கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுத் தங்கம்மா ஆன்ட்டி பார்த்துவிட்டு, "மோளே, கரண்ட் அடிக்காது, பயப்படாதே" என்று அபியிடம் சொன்னார். டேப்பை எடுக்க முடியாமல் கத்தரிக்கோலால் கொஞ்சம் முடியும் போயிற்று. இதை உங்களிடம் சொல்லவில்லை. வீடியோவில் நீங்கள் கேட்டபோது, வெயிலுக்காக வெட்டியதாக அப்பா சொன்னார்.

ஹரிக்கு முன்பல் விழுந்துவிட்டது. வழக்கப்படி கூரைமேல் எறியலாம் என்று அப்பா கூப்பிட்டதற்கு அவன் வரவில்லை. "அம்மா பாத்ததுக்கு அப்புறம்தான் எறியணும்" என்று சாக்லேட் தாளில் சுற்றி என் ஜாமெட்ரி பெட்டியில் வைத்திருக்கிறான். தினமும் திறந்து பார்க்கிறான். ஒருநாள் கணக்கு வகுப்பில் காம்பஸ் எடுக்கும்போது அது மேஜையில் விழுந்து வகுப்பே அலறியது.

இனி, உங்களிடம் எல்லோரும் மறைத்ததை எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் போன இரண்டாவது மாதம் அபிக்குக் காய்ச்சல் வந்தது. உங்களிடம் சளி என்று சொன்னோம். அன்று பெருங்காற்று. ஷாதிபூரில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது என்று அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மதியம் நான், ஹரி, அபி மூன்று பேர்தான் வீட்டில். நான் ஈரத்துணியால் அவளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கண்கள் மேலே போய்விட்டன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அங்கே இல்லாதது போல இருந்தது. எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை. ஹரி ஓடிப்போய்த் தங்கம்மா ஆன்ட்டியைக் கூட்டி வந்தான். அவர்தான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அவர்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார். ஆட்டோவில் அபி கண் திறந்து என்னைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

காய்ச்சலால் வருகிற வலிப்பு, பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே கவனிக்க ஒரு பெரியவர் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நானும் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும் என்று போட்டிருந்தது. 'பெரும்பாலான' என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அப்பா இடுப்புப் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிங் பிளையர் தொங்கிக்கொண்டிருந்தது. வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "அம்மாகிட்ட சொல்லாதம்மா. சொன்னா வேலையத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த கப்பல்ல வந்துருவா. பதினோரு வருஷம் கான்ட்ராக்ட்ல கிடந்து இப்பத்தான் பெர்மனென்ட் ஆயிருக்கா. ரெண்டு வருஷம் கேம்பல் பே முடிச்சாத்தான் இங்க போஸ்டிங் கிடைக்கும்" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகுதான் அப்பா அத்தையை வரச் சொன்னார்.

இன்று இவ்வளவுதான் எழுத முடிந்தது. அபி என் மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்குகிறாள். மேலே உள்ள கோடு அவளுடையது.

திங்கட்கிழமை மாலை.

அபியைத் தன்னோடு பரமக்குடிக்கு அழைத்துப் போவதாக அத்தை சொன்னதும், அப்பா உங்களிடம் கேட்டதும், நீங்கள் சரி என்றதும் உங்களுக்குத் தெரிந்த விஷயம். சனிக்கிழமை சென்னைக் கப்பலில் டிக்கெட். ஆனால் நீங்கள் சரி என்றது எதைக் கேட்டு என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா சொன்னார், "அவ இப்பல்லாம் உன்னைத் தேடறதில்ல ஷோபா. மறந்துட்டா. சின்னப் பிள்ளைதானே."  நீங்கள், "அப்படியா. அதுவும் நல்லதுதான்" என்றீர்கள். பிறகு தண்ணீர் வந்ததா என்று கேட்டீர்கள்.

அம்மா, அது உண்மை இல்லை.

காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஊதுவது நம் வீட்டுக்குக் கேட்கும் அல்லவா? அந்தச் சத்தம் வந்தால் அபி என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிடுகிறாள். சாப்பாட்டுத் தட்டில் கை இருந்தாலும் எழுந்து போய்த் தன் செருப்பை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். செருப்பு சிவப்பு, பட்டையில் வாத்து போட்டது. நீங்கள் போவதற்கு முன் வாங்கிக் கொடுத்ததுதான். வலது செருப்பை இடது காலில் போட்டுக்கொண்டு, "அம்மா கப்பல்" என்பாள். சத்தம் நின்ற பிறகும் உட்கார்ந்திருப்பாள். தங்கம்மா ஆன்ட்டி பிஸ்கெட் காட்டினால்தான் உள்ளே வருவாள். சில நாள் பிஸ்கெட்டுக்கும் வருவதில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அப்பா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். "தேடறான்னு சொன்னா உங்கம்மா அங்க எப்படி வேலை பாப்பா? அடுத்தவங்க பிள்ளைக்கு ஊசி போடற கை. நடுங்கக் கூடாதுல்ல" என்றார். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினார். எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அது முழுதாக வருவதற்குள் போயும் விட்டது. அப்பா ரொம்ப இளைத்துவிட்டார், அம்மா. உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார்.

அத்தைமேலும் எனக்குக் கோபம் இல்லை. அபிக்குச் சோறு ஊட்டும்போது அத்தையின் வாயும் சேர்ந்து திறக்கிறது. கொலுசு வாங்கிப் போட்டிருக்கிறார். பரமக்குடியில் தங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் அபிக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறாராம். முன்கூட்டியே கேட்டால்தான் அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் கிடைக்குமாம். அத்தை போனில் மாமாவிடம் "நம்ம பிள்ளை" என்றுதான் சொல்கிறார். அத்தைகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மிக முக்கியமானது. போன வாரம் அத்தை பையில் அபியின் துணிகளை மடித்து வைக்கும்போது, அபி வந்து எங்கே என்று கேட்டாள். "கப்பல்ல போறோம் ஆத்தா" என்றார் அத்தை. அபியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அம்மா கப்பல்" என்றாள். அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃபேனைப் பார்த்தார். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நம் வீட்டில் இதுவரை ஒரே ஒரு கப்பலைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். நீங்கள் ஏறின கப்பல். அதனால் அபிக்குக் கப்பல் என்றால் அது உங்களிடம்தான் வரும். ஹரி பெரியவன், ஒன்றாம் வகுப்பு, அவனும் அப்படியே நம்பிவிட்டான். "பாப்பா அகேலி ஜாயேகி? அவ தனியாப் போவாளா? நான் மட்டும் என்ன தப்புப் பண்ணேன்?" என்று அன்று முழுதும் சாப்பிடவில்லை. பிறகு தானாகவே சமாதானமாகி, அபிக்குக் கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறான். கட்டிலைக் கப்பலாக்கி அவளை ஏற்றி, அலமாரிக்கு இழுத்துப் போவதுபோல் பாவனை செய்து, "கேம்பல் பே ஆ கயா, இறங்கு" என்கிறான். அபி குதித்து இறங்கி அலமாரியைக் கட்டிக்கொள்கிறாள்.

நான் அத்தையிடம் போய், அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு நான் எந்த உண்மையச் சொல்லட்டும்? சிரிச்சுக்கிட்டே ஏறட்டும்டி. அழுதுகிட்டுப் போனா உங்கப்பனால தாங்க முடியுமா?" என்றார்.  நானும் சொல்லிப் பார்க்கலாம் என்று அபியை மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பா, இந்தக் கப்பல் வேற" என்றேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, "வேற கப்பல், அம்மா கப்பல்" என்றாள்.

இவ்வளவுதான் உண்மை. அவளுக்கு வலிப்பு வந்ததும் உண்மை, அதனால் பெரியவர் ஒருவர் கூட இருப்பது நல்லது. அவள் உங்களை மறக்கவில்லை என்பதும் உண்மை, அதனால் அனுப்பக் கூடாது. ஒன்றை மட்டும் எழுதி இன்னொன்றை விட்டிருந்தால் நான் கேட்பது உங்களுக்கும் சுலபமாக இருந்திருக்கும். முடிவு என் கையில் இல்லை. அப்பா கையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் ஒருவர் வேண்டாம் என்றால் போதும். வியாழக்கிழமை இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தங்கம்மா ஆன்ட்டி பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான் பள்ளிவிட்டு நேராக வந்துவிடுவேன். நூலகத்தில் நிற்க மாட்டேன். காய்ச்சல் மருந்தின் அளவு எனக்கு மனப்பாடம்.

புதன்கிழமை.

கடிதம் மறுபடி என்னிடமே வந்துவிட்டது. நேற்று சண்முகம் மாமா ஃபீனிக்ஸ் பே படகுத்துறை ஜெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கடல் சரியில்லை, கேம்பல் பே கப்பல் ஞாயிற்றுக்கிழமைதானாம். "நம்ம ஊர் கப்பலுக்கு நாள் நட்சத்திரம் கிடையாதுல்ல" என்று சிரித்துவிட்டு உங்களுக்காகக் கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலையும் கடிதத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். சென்னைக் கப்பலும் தள்ளிப்போகுமா என்று கேட்டேன். அது பெரிய கப்பல், சனிக்கிழமை மதியம் சரியாகக் கிளம்பும் என்றார்.

ஊறுகாயை மறுபடி அலமாரியில் வைத்தேன். தமிழ் டீச்சர் சொன்ன முடிவுரைப் பகுதியை முதலிலேயே எழுதி முடித்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இன்று பள்ளியில் எதுவும் ஏறவில்லை. நாளை உங்கள் போன் வரும் நாள். நாளை எப்படியாவது சொல்லிவிடப் போகிறேன்.

வியாழக்கிழமை.

சொல்லவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். உங்களுக்கு அந்தப் பக்கம் என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் இப்படித்தான் இருந்தது. வீடியோவில் உங்கள் முகம் பாதியில் நின்றுவிட்டது, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அபி புது கவுனைப் போட்டுக் காட்டச் சொல்லி அடம் பிடித்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு செருப்பையும் கையில் தூக்கிப் போனுக்குக் காட்டினாள். "அம்மா, கப்பல், நானு" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "சமத்தா இருக்கணும், என்ன? அழக்கூடாது. அம்மா உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றீர்கள்.

நீங்கள் சொன்னது சாதாரணமாக எந்த அம்மாவும் சொல்வது. ஆனால் அபி அதைக் கேட்டுக் கைதட்டினாள். ஹரி அவளைப் பார்த்து, "தேக்கா? நான் சொன்னேன்ல? அம்மா கப்பல் ஜெட்டியில வந்து நிப்பாங்க" என்றான். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அப்பா போனை என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா, அபி" என்று தொடங்கினேன். "சொல்லுடி கண்ணு" என்றீர்கள். அபி என் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் புரிகிறது, அம்மா. வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரிகிறது. அவள் எதிரில் அதை எப்படிச் சொல்வது? நான் புத்தகங்களில் எத்தனையோ சொற்களைப் படித்து வைத்திருக்கிறேன். அந்த நேரம் ஒன்றுகூட வரவில்லை. "அபி சாப்பிட்டாள்" என்றேன். நீங்கள், "நல்லது. நீயும் சாப்பிடு" என்றீர்கள். லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை.

மழை விட்டுவிட்டது. நாளைக் காலையில் எல்லோரும் ஹாடோவுக்குப் போகிறோம். அப்பா லீவு போட்டிருக்கிறார்.

பை தயாராகிவிட்டது. காய்ச்சல் மருந்தை எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி மருந்துப் பாட்டிலிலேயே ஒட்டியிருக்கிறேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று அத்தையிடம் சொல்லி, ஒரு தலையணையை வைத்துச் செய்தும் காட்டினேன். அத்தை கவனமாகப் பார்த்தார். "நீ உங்கம்மா மாதிரி நர்ஸ்தான்டி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையும் அழுதார். அபி வந்து எங்கள் இருவர் முகத்தையும் கவுனால் துடைத்துவிட்டு மறுபடி கட்டில் கப்பலில் ஏறிக்கொண்டாள்.

மாலையில் பையில் துண்டை வைக்கும்போது அடியில் ஏதோ தட்டுப்பட்டது. ஹரியின் சாக்லேட் தாள். உள்ளே பல். ஹரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன். ஜெட்டியில எறங்கினதும் மொதல்ல அம்மாகிட்ட குடுத்துருவா. நீ எடுக்காத" என்றான். சரி என்றேன். அவன் தங்கம்மா ஆன்ட்டி வீட்டுக்குப் போனதும் எடுத்துவிட்டேன். அங்கேயே இருந்தால் அது பரமக்குடிக்குப் போய்விடும்.

அந்தப் பல் இந்தக் கடிதத்தோடு வருகிறது. கவரைப் பிரிக்கும்போது கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் ஹரி எறிந்துவிடுவான். அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வாரம் முழுவதும் யோசித்தேன். என்னால் சரியான கப்பலுக்கு மாற்றி ஏற்ற முடிந்தது அது ஒன்றுதான்.

கவர் ஒட்டப் பசை இல்லை என்றேன். அப்பா தன் பெல்ட்டிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துக் கொடுத்தார். கடிதம் கனமாக இருப்பதைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. "நல்லா ஒட்டும்மா. கப்பல்ல தண்ணி படும்" என்று மட்டும் சொன்னார்.

சண்முகம் மாமா ஞாயிற்றுக்கிழமை ஏறினால் செவ்வாய்க்கிழமை இது உங்கள் கையில் இருக்கும். அதே செவ்வாய்க்கிழமை அபி சென்னையில் இறங்குவாள். அங்கே பரமக்குடி மாமா நிற்பார். அவளுக்கு மாமாவைத் தெரியாது. அவள் உங்களைத் தேடுவாள். அத்தை உங்களுக்கு வீடியோ போடுவார். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

இத்தனை பக்கத்திலும் நான் உண்மையை மட்டுமே எழுதினேன். நீங்கள் மட்டும் எனக்காக ஒரு பொய் சொல்லுங்கள். அபி போனில் வந்து அம்மா எங்கே என்று கேட்டால், அவள் ஏறினது உங்களிடம் வருகிற கப்பல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கப்பல் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லுங்கள். நடுவில் நின்றிருக்கிறது, கடல் சரியானதும் கிளம்பும் என்று சொல்லுங்கள். நம் ஊரில் கப்பல் தாமதமாவது யாருக்கும் புதிதில்லை. அவள் நம்புவாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்சம் சாப்பிடுவாள். நீங்கள் வந்து சேரும்வரை அந்தக் கப்பல் வழியில் இருப்பதாகவே இருக்கட்டும்.

அப்பாவை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். வேலையை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டு வாருங்கள் என்றும் எழுதத் தோன்றுகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன், எதை அடிப்பது என்று தெரியவில்லை.

அபி என் பக்கத்தில் தூங்குகிறாள். புது கவுனைக் கழற்றவிடவில்லை. ஒரு செருப்பு கையில், இன்னொன்று தலையணைக்குக் கீழே. நீங்கள் அங்கிருந்தே அவளை ஆசீர்வாதம் செய்யுங்கள். எங்களையும்.

உங்கள் அன்பு மகள்,
நளினி

பின்குறிப்பு: "போதும்மா, நாளைக்குச் சீக்கிரம் எழுந்திரிக்கணும்" என்று சொல்லி அப்பா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.